ஜவுளிச் சமுத்திரத்தின் ஸ்டூல்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுப் பாறையில் மகேந்திரவர்மன் வெட்டி வைத்துவிட்டுப் போனான். பாவம், பிளாஸ்டிக் கிடைக்காத மன்னன். அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை திண்டிவனம் 'ஜவுளிச் சமுத்திரம்' கடையின் மேனேஜர் கோதண்டபாணியையே சேரும்.

தீபாவளிக்கு வாடிக்கையாளருக்கு என்ன பரிசு தருவது என்று, விழுப்புரத்திலிருந்து முதலாளி தட்சிணாமூர்த்தியே காரில் வந்து கூட்டம் போட்டார். அவருக்கு நாற்காலி. மற்றவர்களுக்கு நிற்கும் பாக்கியம். ஊழியர் உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டத்துக்காக வாங்கிய இருக்கைகள் அழுக்காகிவிடக் கூடாதே என்று மாடியில் பூட்டிப் பாதுகாக்கப்பட்டு வந்தன.

"கட்டைப்பை?" என்றார் முதலாளி.

"எல்லாக் கடையிலயும் குடுக்கறாங்க சார்."

"கடிகாரம்?"

"சீக்கிரமே நின்னுபூடும் சார். கூடவே நம்ம பேரும் நின்னுபூடும்."

"அப்ப இன்னாதான்யா குடுக்கறது?"

கோதண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பட்டுப்பொடவ வாங்கறவங்களுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் சார். உக்கார்றப்பல்லாம் நம்மள நெனப்பாங்க."

முதலாளி கண் கலங்கினார். ஸ்டூல் காலில் இடம் போதாது, தன் முகம் முழுசாக விழ வேண்டும் என்றார். ஆகவே உட்காரும் இடத்திலேயே, கைகூப்பிய முதலாளியும் அவருக்குக் கீழே 'தயவுசெய்து அமருங்கள்' என்ற வாசகமும் என முடிவாயிற்று. அந்த முகத்தின் மேல் என்ன வந்து இறங்கும் என்று கோதண்டபாணிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் தலைமைக் கடைக்கு மாற்றல் கேட்டிருந்த நேரம். "பிரமாதம் சார்," என்றார்.

பட்டுப் பிரிவு கிருஷ்ணவேணி கையைத் தூக்கினாள். கிளியனூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கடையில் நின்று, நின்றுகொண்டே திரும்புகிறவள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருந்தது. நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எங்களுக்கும் ஸ்டூல் குடுங்க சார். கூட்டம் இல்லாதப்ப உக்காந்துக்கிறோம். காலு ரொம்ப பேஜாரு பண்ணுது."

"அது கஸ்டமருக்கும்மா," என்றார் முதலாளி பாசத்தோடு. "நீங்கள்லாம் குடும்பம்."

குடும்பத்துக்கும் பரிசு இருந்தது: கால்வலித் தைலம். ஆளுக்கொரு சின்னக் குப்பி, மூடியில் கடையின் பேர். 'உங்கள் கால்களின் மேல்தான் நிற்கிறது நம் சமுத்திரம்' என்று சுற்றறிக்கை வேறு. அதை எழுதி முடித்ததும் கோதண்டபாணி தானே இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு மதியம் முதலாளி திடீரென்று வந்தார். பட்டுப் பிரிவின் நட்டநடுவில் ஸ்டூலைப் போட்டு கிருஷ்ணவேணி உட்கார்ந்திருந்தாள். மடியில் புடவைப் பெட்டி.

"இன்னா இது? ஏந்திரு, ஜல்தி!"

"பட்டுப்பொடவ வாங்கிகிறேன் சார். சம்பளத்துல புடிச்சிக்க சொல்லிட்டேன். சாப்பாட்டு நேரம் முடியற வரைக்கும் நான் கஸ்டமரு."

"கோதண்டபாணி, எழுப்புய்யா!"

கோதண்டபாணி ஓரடி முன்னால் வந்து, சுவரைப் பார்த்து நின்றார். வாடிக்கையாளர் மனம் நோக நடக்கக் கூடாது என்று சுவர் சுவராக ஒட்டியவர் அவர்தான். பில் போடும் இடத்தில் கடையில் வேலை பார்க்கும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு புடவையோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

கிருஷ்ணவேணி எழுந்தாள். ஸ்டூலில் இருந்த முகத்தை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டு மொதலாளில இவருதான் சார் நல்லவரு. கும்பிட்டு உக்கார சொல்றாரு."