சல்லடை சாரின் நெற்றி

திருநெல்வேலிச் சீமையில் தூசியோடு நேருக்கு நேர் போர் தொடுத்த ஒரே மனிதர் எங்கள் சல்லடை சார்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் அவர் ஆராய்ச்சியாளர். நான் கூட்டித் துடைக்கும் உதவியாள். அவர் செய்தது தபால்தலை அளவு ரப்பர்ச் சில்லு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால். கண்ணுக்குத் தெரியாத மணிகளைத் தண்ணீரில் கலந்து உள்ளே விட்டால், பெரியவை ஒரு வாசலிலும் சின்னவை மறு வாசலிலும் வெளியேற வேண்டும்.

"வலையில்லாத சல்லடை வே!" என்பார். பெயர் அப்படி வந்தது.

ஆனால் வாய்க்கால் தினமும் அடைத்துக்கொள்ளும். ஒரு தூசி போதும். சார் ஜன்னல் இடுக்குகளை டேப்பால் ஒட்டினார். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தினார். அடுத்து என் மீசைமேல் சந்தேகம்.

"எடுத்துருமேன் வே."

"வீட்ல சேக்கமாட்டாவ சார்."

"அப்பம் நனைச்சுக்கிடும்."

ஒரு வாரம் ஈர மீசையோடு திரிந்தேன். அப்போதும் அடைத்தது.

வெள்ளிக்கிழமை பார்வையிடக் குழு வருகிறது. சில்லு ஓடாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு. "விடமாட்டேன் வே" என்று சார் அடைத்ததை வீசிவிட்டு அடுத்ததைச் செய்தார்.

அடைப்பின் காரணம் எனக்குத் தெரியும். மணிக் கிண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிவார். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. வியர்த்துக் காய்ந்து உதிரும். எப்படிச் சொல்வது? நான் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவன்.

வெள்ளி காலை மறுபடி அடைத்தது. வாசலில் கார் சத்தம். என் வாய் தானாகத் திறந்தது.

"சார்... உங்க நெத்தி உதிருது. கிண்ணத்துக்குள்ள."

முறைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எப்பம் கண்டீரு?"

"தை மாசம் சார்."

"பாவி! இப்பம் சித்திரை வே!"

"அழிச்சிருவமா சார்?"

"பட்டைய அழிக்கப்படாது. டேப்ப எடும்."

பார்சல் ஒட்டும் அகல டேப்பை நெற்றி முழுக்க ஒட்டினேன். புதுத் தண்ணீர், புதுச் சில்லு. உள்ளே வந்த குழு முதலில் சாரின் நெற்றியைத்தான் ஆராய்ந்தது.

"காயமா?" என்றார் தலைவர்.

"இல்ல, மூடி" என்றார் சார்.

தண்ணீர் ஓடியது. அடைக்கவில்லை. தலைவர் மைக்ராஸ்கோப் பக்கம் வர, சார் கை நீட்டித் தடுத்தார். "மொதல்ல இவரு பாக்கட்டும். கோளாறக் கண்டுபிடிச்சது இவருதான். இங்கன வாரும் வே."

கூசிக்கொண்டே குனிந்தேன். மந்தையில் மாடும் ஆடும் பிரிவதுபோல் மணிகள் பிரிந்து போயின.

ஆய்வகம் தப்பியது. சார் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். உதிர்வதைத் தயங்காமல் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டுமே என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.