கொம்புக்குப் போட்ட மாலை

“துப்பாக்கியப் பத்தி நீ கவலைப்படாத தம்பி. அது நம்ம வூட்ல கீது.”

“அதுக்கில்ல அங்கிள். மான் வேட்டைன்னா இப்பல்லாம் ஜெயில்.”

“அப்ப மட்டும் இன்னா, அவார்டா குடுத்தாங்க?”

மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த மூன்று பெரியவர்களும் சிரித்தார்கள். மெர்வினும் சிரித்தான். சிரிக்கும்போது காது மட்டும் சூடாக இருந்தது.

துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர் லாசரஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கத்தில் முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தவர் டேனியல். பெருங்களத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்து, மகனிடம் கொடுத்துவிட்டு வந்தவர். நடுவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் யேசுதாசன். ரயில்வேயில் வேலை பார்த்தவர், பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்த இந்த வீட்டின் சொந்தக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக ஜான்சியின் அப்பா. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டால் மெர்வினுக்கு மாமனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மூவரும் இங்கே கூடிவிடுவார்கள். வாலிபத்தில் அவரவர் தனியாக ஜவ்வாது மலையில் மான் வேட்டையாடிய கதைகளைப் பேசுவார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. தட்டில் வருகிற முதல் முறுக்கை யாரும் தொடக் கூடாது. அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, “சுட்ட மானுக்கு” என்று யேசுதாசன் சொல்வார். இந்த ஏற்பாடு தெரிந்த காக்கை ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் தயாராக இருக்கும். அப்புறம் ஒரு விதி: ஒருவன் கதை சொல்லும்போது இன்னொருவன் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. “வேட்டைக்காரன் பேச்ச வேட்டைக்காரன் சந்தேகப்படக் கூடாது” என்பார் டேனியல்.

இந்தக் கூட்டத்துக்குள் மெர்வின் விழுந்தது பெண் பார்க்க வந்த அன்று. ஹாலில் ஒரு மான் கொம்பு மாட்டியிருந்தது. அதன் கீழே நண்பர்கள் இருவரோடும் உட்கார்ந்துகொண்டு யேசுதாசன், “தம்பிக்கு வேட்டையில எல்லாம் இன்ட்ரஸ்ட் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மெர்வின் அந்த வாரம்தான் எங்கோ வடதேசத்தில் நடக்கிற ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் படித்து முடித்திருந்தான். அதில் ஆட்கள் நாய்களோடு மலையேறி, ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

“ஜவ்வாது மலைக்குப் போயிருக்கேன் அங்கிள். ஒரு பெட்டை மான். கொம்பே இவ்ளோ நீளம். உறைஞ்ச ஏரி மேல ஓடிச்சு. நான் இந்தக் கரையில இருந்து...”

ஜவ்வாது மலையில் ஏரி உறைந்துவிட்டது என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆனால் பெரியவர்கள் மூவரும் மெதுவாகத் தலையாட்டினார்கள்.

“அந்தக் காலத்துக் குளிர் அப்படி” என்றார் லாசரஸ்.

“நம்ம ஏரியில தண்ணி நிக்கவே மாட்டேங்குது” என்றார் டேனியல்.

அன்று ராத்திரி போனில் தேடிப் பார்த்தான். நம் ஊர்ப் பெட்டை மானுக்குக் கொம்பே கிடையாது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டான். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், யாராவது ஒருவர் கதையை நிறுத்திவிட்டு, “ஆமா, பெட்டைக்கு ஏது கொம்பு?” என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தான்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் ஜான்சி. மெர்வினுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிற வேலை மட்டும். ரத்தம் எடுக்கிற அறைப் பக்கம் போகமாட்டான். ஒருநாள் ஆள் குறைவாக இருந்ததால், ஊசிக்குப் பயந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனான். ஊசியைப் பார்த்ததும் அவன்தான் விழுந்தான். கண் திறந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் அதே பெண், ஜான்சி.

“அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடு மெர்வின்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அவருக்குப் பொய் சொல்றவங்களக் கண்டாலே ஆகாது. போன வருஷம் வந்த மாப்பிள்ள சிங்கப்பூர்ல பர்மனென்ட் வேலைன்னு சொன்னான். ஆறு மாச கான்ட்ராக்ட்னு தெரிஞ்சதும் கொண்டுவந்த பழத்தட்டையே திருப்பி அனுப்பிட்டார்.”

அந்தப் பழத்தட்டு மெர்வினின் கனவில் வர ஆரம்பித்தது.

இந்த நிலையில்தான் யேசுதாசன் தன் பிறந்தநாளுக்குக் கடைசியாக ஒருமுறை மலைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார். டேனியல் சரி என்றார். லாசரஸ் துப்பாக்கி தருகிறேன் என்றார். வழிகாட்ட மெர்வின்.

“எனக்கு வழி தெரியாது அங்கிள்” என்றான் மெர்வின். “என்னை ஒரு அண்ணன்தான் கூட்டிட்டுப் போவார். வேதசிரோமணி அண்ணன்.”

அந்தப் பெயர் முந்தின நாள் அவன் அடித்து வைத்த சர்க்கரை ரிப்போர்ட்டில் இருந்தது.

“அப்ப அவருக்குப் போன் போடு.”

“அவர் போன் வச்சிக்கறதில்ல.”

“வூடு எங்க?” என்றார் லாசரஸ்.

“பொழிச்சலூர்.”

“ஏர்போர்ட் பக்கம்தான? டேனியலு, வண்டிய எடு. இப்பவே போயி பேசிட்டு வந்துர்லாம்.”

டேனியல் சாவியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். அந்தக் கை வெளியே வருவதற்குள் மெர்வின் சொல்லிவிட்டான்.

“அவர் போன வாரம் தவறிட்டார் அங்கிள்.”

யேசுதாசன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப மலைக்குப் போறது வேணாம்” என்றார்.

“வேணாம், வேணாம்” என்றார்கள் மற்ற இருவரும், ஒரே மூச்சில்.

மெர்வினுக்குப் பெரிய பாரம் இறங்கியது. அடுத்த நிமிடமே அது திரும்ப ஏறிக்கொண்டது. டீ டம்ளர்களை எடுக்க வந்த ஜான்சியின் அம்மா காந்திமதி, படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தெருவில் நடக்கிற பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

“குடும்பம் இருக்காப்பா?”

இருக்கிறது என்று சொன்னால் அங்கே போவார்கள்.

“யாரும் இல்ல ஆன்ட்டி.”

“அடக்கம் எங்க பண்ணாங்க?”

கல்லறை என்று சொன்னால் பூ எடுத்துக்கொண்டு போவார்கள்.

“உடம்ப மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்துட்டார்.”

காந்திமதியின் கண் கலங்கியது. “எப்பேர்ப்பட்ட மனுஷன். யாரும் இல்லாம, ஒரு பிடி மண்ணு கூட விழாம போயிட்டாரே. நாம இருக்கோம்ப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லயே நினைவுக் கூட்டம் வச்சிடலாம்.”

திங்கட்கிழமை காலையில், நிஜமான வேதசிரோமணி ரிப்போர்ட் வாங்க வந்தார். குள்ளமாக, சந்தோஷமாக இருந்தார். மெர்வினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சார், உடம்பப் பாத்துக்கோங்க.”

“இன்னாப்பா, ரிப்போர்ட் அவ்ளோ மோசமா?”

“இல்ல சார். நல்லாருக்கு. நீங்க நல்லா இருக்கணும்.”

அவர் பயந்துபோய் வாசலில் நின்று ரிப்போர்ட்டை மூன்று தரம் படித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காந்திமதி போன் செய்து போட்டோ கேட்டாள். வேட்டைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை என்றான். வியாழக்கிழமை, அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டாள். வாயில் வந்த ஒரு கீர்த்தனையைச் சொன்னான். “எனக்கும் அதே பாட்டுதான்ப்பா” என்று அழுதாள். வெள்ளிக்கிழமை ஜான்சி பேசினாள்.

“அம்மா எண்பது பேருக்குப் பிரியாணி சொல்லியிருக்காங்க.”

“யாருக்கு?”

“நீ கொன்ன ஆளுக்கு. மெர்வின், கூட்டத்துலயே எழுந்து சொல்லிடு. நான் உன் பக்கத்துல நிப்பேன். பழத்தட்டு வந்தா நானும் அந்தத் தட்டோட வந்துடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது. போட்டோ வைக்க வேண்டிய மேசையில், போட்டோ இல்லாத குறைக்கு, ஹாலில் இருந்த மான் கொம்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதற்குச் சம்பங்கி மாலை போட்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கொம்பின் முன்னால் நின்று தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். மெர்வினுக்கு அந்த மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

கீர்த்தனை முடிந்தது. ஜெபம் முடிந்தது. “சாட்சி சொல்ல விரும்புறவங்க வரலாம்” என்றாள் காந்திமதி. ஜான்சி முழங்கையால் இடித்தாள். மெர்வின் எழுந்தான்.

“எல்லாருக்கும் ஒரு உண்மையச் சொல்லணும். வேதசிரோமணின்னு...”

“குந்து தம்பி. உன்னால பேச முடியாது. தொண்ட அடைக்குது பாரு” என்று லாசரஸ் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

“வேதசிரோமணிய இந்தத் தம்பிக்கு இப்பதான் தெரியும். எனக்கு நாப்பது வருஷமா தெரியும். ஜவ்வாது மலையில நானும் அவனும் ஒரே போர்வைக்குள்ள படுத்துகினு இருந்திருக்கோம். ஏரி ஒறஞ்சு கெடக்கும். அவன் சுட்டா பெட்டையத்தான் சுடுவான். ஏன்னா அதுக்குத்தான் கொம்பு பெருசு.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. மெர்வின் நிமிர்ந்து பார்த்தான். தன் பொய்யை இன்னொருவர் கையில் மைக்கோடு பார்ப்பது, கண்ணாடியில் தன் முதுகைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அடுத்து டேனியல் எழுந்தார். “ஒரு தடவ எனக்குக் கால் பிசகிருச்சு. வேதசிரோமணிதான் என்னைத் தோள்ல போட்டு மலையெறக்கினான். நல்ல உயரம், நல்ல ஒடம்பு. துப்பாக்கி சத்தம் கேட்டாலே எனக்கு அவன் ஞாபகம்தான்.” சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. லாசரஸ் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மெர்வின் ஜான்சியைப் பார்த்தான். அவள் துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. பின்வரிசைப் பெண் ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “அழாதம்மா” என்றாள்.

அப்போதுதான் மெர்வின் யேசுதாசனைக் கவனித்தான். முன்வரிசையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலையாட்டவில்லை. முகம் கறுத்திருந்தது. கண்கள் ஒரு தரம் லாசரஸிடம் போயின, ஒரு தரம் டேனியலிடம், கடைசியில் மெர்வினிடம் வந்து நின்றுவிட்டன.

ஆக, மூவரில் நிஜ வேட்டைக்காரர் இவர் ஒருவர்தான். மேசை மேலிருக்கும் கொம்பு இவருடையது. பெட்டைக்குக் கொம்பு கிடையாது என்று இவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். இத்தனை நாள் பேசாமல் இருந்து, என்னதான் செய்கிறான் பார்க்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறார்.

யேசுதாசன் எழுந்தார். மெர்வினின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மேல வா.”

மாடிப்படி ஏறும்போது மெர்வின் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜான்சி மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். பிரியாணி தன் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். மாடியில் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் காக்கை மட்டும் முறுக்குக்காகக் காத்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது.

யேசுதாசன் மாடிக் கதவைச் சாத்தினார். திரும்பி நின்றார்.

“அங்கிள், நானே சொல்லிடறேன். நான்...”

“நீ பேசாத. நான் பேசணும்.”

கீழே மைக்கில் காந்திமதியின் குரல் கேட்டது. “அடுத்ததா, ஜான்சியோட அப்பா வேதசிரோமணி அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க.”

யேசுதாசன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இதுவரை மெர்வின் பார்த்திராத ஒரு முகம் அது. ஆனால் கண்ணாடியில் தன் முகமாக அவன் தினமும் பார்த்த முகம்.

“நாப்பது வருஷமா அவனுங்க ரெண்டு பேருக்கும் பயந்து பயந்து கதை சொல்லிட்டிருக்கேன் தம்பி. எந்த மலையிலயும் நான் கால் வச்சதில்ல. அந்தக் கொம்பு, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தப்போ முன்னாடி இருந்தவன் பரண்ல விட்டுட்டுப் போனது. அவனுங்களுக்கெல்லாம் வேதசிரோமணிய அவ்ளோ நல்லாத் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலன்னா இன்னைக்கு மாட்டிப்பேன். நீ அவர்கூடப் பழகினவன். அவர் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்ப்பா.”