ஃபெண்டரில் ஏறிய சேறு

"இனி என் கையால் இந்தக் காருக்கு ஒரு சேதம் வந்தால், சாவி உன் கைக்கு!"

சென்ற பொங்கலன்று தெய்வசிகாமணி மைத்துனர்கள் முன்னிலையில் மனைவியிடம் இவ்வாறு சூளுரைத்தார். விருத்தாம்பாள் ஓட்டுநர் உரிமம் பெற்று ஆறு மாதங்கள் ஆகின்றன. சாவி கைமாறினால், சுரங்கத்து ஃபோர்மேனாகிய அவர், தமக்குக் கீழே பணிபுரியும் நாற்பது பேர் பார்த்திருக்க, மனைவி ஓட்டும் காரிலிருந்து இறங்க வேண்டும். அதைவிட, நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் படுத்துக்கொண்டு போய் இறங்குவது கௌரவம்.

இரவு ஷிப்ட் முடித்து ஒரு காலைப்பொழுதில் அவர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார். காரைப் பின்னோக்கிச் செலுத்தி வாயிலுக்குள் நுழைத்தபோது 'டொம்' என்றது. பதறி இறங்கினார். இடப்புற முன்சக்கரத்தின்மேல் வளைந்திருந்த தகடு, இட்லித்தட்டின் குழிபோல உள்வாங்கியிருந்தது. அருகிலேயே வாயில் தூண். தெய்வசிகாமணியின் நெஞ்சும் உள்வாங்கியது.

விருத்தாம்பாள் பால் பூத்துக்குப் போயிருந்தாள். செப்பனிட நேரமில்லை, மறைக்க நேரமிருந்தது. ரோஜாத் தொட்டியிலிருந்து இரண்டு கை மண்ணை அள்ளினார், நீர்விட்டுக் குழைத்தார், பள்ளம் தெரியாமல் அப்பினார். புழுதி அடங்கச் சுரங்கப் பாதையில் தண்ணீர் லாரி ஓடும். அவ்வழியே வரும் வண்டியில் சேறு இருந்தால் யார் வியக்கப் போகிறார்கள்?

விருத்தாம்பாள் வியந்தாள்.

"என்னாங்க இது கோலம்?"

"மைன்ஸ் ரோட்டுச் சேறும்மா. தண்ணி லாரிக்காரன் ஊத்தித் தள்ளறான்."

"இந்த ஒரு சக்கரத்துக்கு மட்டுமா ஊத்தினான்?"

"ரோட்டுல பள்ளம் அந்தப் பக்கந்தான்."

அவள் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிய ரப்பர் மடலைத் தூக்கிப் பார்த்தாள்.

"மட்கார்டுல ஒரு பொட்டுச் சேறு இல்லையே!"

"மட்கார்டு, ஃபெண்டர் எல்லாம் ஒண்ணுதான். நீ போய்க் காப்பி போடு."

"ஒண்ணா? மேல இருக்கற தகடு ஃபெண்டர். அது வண்டியோட உடம்பு. கீழ தொங்கறது மட்கார்டு. சக்கரம் வாரி அடிக்கற சேறு மொதல்ல அதுமேலதான வுழணும்? வாசல் நனையாம வூட்டுக்குள்ள மட்டும் வெள்ளம் வந்துடுமா?"

"கொஞ்சம் வேகமா வந்தேன்…"

"சேறு உங்களவிட வேகமா வந்து மட்கார்டைத் தாண்டிக் குதிச்சிச்சாக்கும்!"

நகத்தால் சுரண்டினாள். வெள்ளைச் சில்லு ஒன்று கையோடு வந்தது.

"மைன்ஸ்ல நிலக்கரி தீர்ந்துபோயி முட்டை ஓடு வெட்டறாங்களா? இது நான் ரோஜாச் செடிக்குப் போட்டதுங்க."

தெய்வசிகாமணி சரணடைந்தார்.

"இடிச்சிட்டேன் விருத்தா. கேட் தூண்ல."

சாவியை நீட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். இடி இறங்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட விருத்தாம்பாள், "போனாப் போவுது. கையைக் கழுவிகினு சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான்! சாவி போனாலும் திட்டு விழவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற நிம்மதியில் அவர் ஆறு இட்லிகளை உள்ளே தள்ளினார்.

ஏழாவதை விண்டபோது, பக்கத்து வீட்டுச் செங்கமலத்தின் குரல் வேலியைத் தாண்டி வந்தது.

"யக்கா! நேத்து மார்க்கெட்ல ஃபெண்டரை இடிச்சீங்களே, மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

எச்சிற்கையோடு தெய்வசிகாமணி வாசலுக்கு ஓடினார். தூணில் ஒரு கீறலும் இல்லை. காருக்குப் பின்னால் பிளாஸ்டிக் குப்பைக்கூடை கவிழ்ந்து கிடந்தது. 'டொம்' என்றது அதுதான்! பெரும் பாரம் முதுகிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

"நான் இடிக்கவே இல்ல! நீதான் இடிச்சிருக்க! ஏன் சொல்லல?"

"நேத்துப் பகலெல்லாம் தூங்கிகினு இருந்தீங்க, அப்பதான் வண்டியை எடுத்துகினு போனேன். ராத்திரி இருட்டுல வண்டியை எடுத்துகினு பூட்டீங்க. இன்னிக்குச் சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீங்களே ஒத்துகினீங்க."

"அப்ப சாவியைக் குடு!"

"இடிக்காததுக்கே இவ்ளோ மண்ணைப் பூசினவரு, நெசமாவே இடிச்சா வண்டியையே மைன்ஸ்ல பொதைச்சிட்டு வருவீங்க. ராத்திரி ஷிப்டுக்கு நானே கொண்டுபோய் வுடறேன், இப்பப் போய்த் தூங்குங்க!"