ஏழாம் குகைக்கு ஒரு மேற்படி

“நாவலா சார் இது? நடுவுல பதினாறு பக்கம் மருந்து அடிக்கிறதப் பத்தி இருக்கு!”

பாஸ்கல் புத்தகத்தை மேசைமேல் போட்ட போட்டில் வெல்ஃபேர் ஆபீசர் அமிர்தநாதனின் காப்பி தளும்பியது. சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஆபீசர் முன்னால் யாரும் எதையும் போட்டுப் பேசுவதில்லை. பத்தாம் கிளாஸில் தோற்ற பாஸ்கல் பேசினான்.

விஷயம் இதுதான். தொழிலாளரின் அறிவுத்தாகத்தைத் தணிக்கும் பொருட்டு ஹெட் ஆபீஸ் ஒரு சர்க்குலர் அனுப்பியிருந்தது. புதிதாகச் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பட்டியலில், பேர் ஏறுகிற ஒவ்வொருவரும் எஸ்டேட் வாசகசாலையில் ஒரு நூலை வாசித்து, பதிவேட்டில் அபிப்பிராயம் எழுதி, ஆபீசரிடம் கையொப்பம் வாங்க வேண்டியது. வாசகசாலையில் இருந்ததே ஒரு நூல்தான்: ‘ஏழாம் குகையின் எஜமானி’. மர்மமும் மாயமும் நிறைந்தது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லக் கேட்டு ஆபீசர் வாங்கி வந்தது. பதிவேட்டில் முதல் வரியாக “அற்புதம்” என்று அவரே எழுதினார். அதன் கீழே முப்பத்தெட்டுப் பேர் “மேற்படி” என்று எழுதியிருந்தார்கள்.

பாஸ்கலும் எழுதித் தொலைத்திருக்கலாம். அப்பா ஏசுரத்தினத்துக்கு மாசக் கடைசியோடு வேலை முடிகிறது. மகன் பேர் செக்ரோலில் ஏறாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஆனால் அவன் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டான். புத்தகத்தை வாசித்துவிட்டான்.

“தொண்ணூத்தாறாம் பக்கத்துல எஜமானி வெளக்கத் தூக்கிட்டு ஏழாம் குகைக்குள்ள போறா சார். திரையை விலக்குறா. ‘அங்கே...’ன்னு நிக்குது. எதிர்ப் பக்கத்துல, ‘இலையில் ஈரம் இருக்கும்போது மருந்து தெளிக்கக் கூடாது, மூக்கில் துணி கட்டிக்கொள்ளவும்’னு கெடக்கு. நூத்திப் பதிமூணுல அவளோட ரெட்டைப் பிள்ளைங்களுக்குப் பேர் வைக்கிறாங்க. புருஷன் யாருன்னே தெரியல. பைண்டு பண்ணவன் வேற புத்தகத்த வச்சுத் தைச்சுட்டான்.”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“லேய், எல்லாம் விளங்கிட்டா அதுல என்னலே மர்மம்?”

“எங்கப்பா தெனம் அடிக்கிற மருந்து சார் அது. அதுல ஒரு மர்மமும் இல்ல.”

“முப்பத்தெட்டுப் பேருக்குப் பிடிச்சது ஒனக்கு மட்டும் பிடிக்கலையோ?”

“அதுல மூக்கம்மாக்காவுக்கு எழுத்தே தெரியாது. அவங்களும் மேல பாத்து வரைஞ்சது மேற்படிதான்.”

“அதனாலதான் அவளுக்குச் சந்தேகம் வரல. அவதாம்லே வாசகி.” ஆபீசர் குரலைத் தாழ்த்தினார். “என் ரிப்போர்ட்ட நம்பி ஹெட் ஆபீஸ் எல்லா எஸ்டேட்டுக்கும் இந்த நாவலையே சிபாரிசு பண்ணிட்டாங்க. இப்பப் போயி மருந்து, மட்டைன்னு சொன்னா எம் பொழைப்பு என்னாகும்? மேற்படின்னு எழுது. ஒப்பு போடுறேன். வெளிய யாரு கேட்டாலும் அற்புதம்னு சொல்லு.”

பாஸ்கல் பேனாவை வாங்கி எழுதினான்: “97 முதல் 112 வரை மருந்து அடிக்கும் முறை. அது மட்டும் நன்றாக விளங்குகிறது. மற்றபடி படுமோசம்.”

ஆபீசர் அந்த வரியின் மேலேயே நீளமாக ஒப்பு போட்டு, ஸ்டாம்பு குத்தி, ‘வாசித்துத் திருப்தியடைந்தேன்’ என்று எழுதினார். அதை எழுதுவதற்கு அவர் எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. செக்ரோல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வாசலில் கொழுந்து கிள்ளப் பேர் பதிய வந்த பூமாரி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர்.

“புத்தகம் எப்பிடிண்ணே? நல்லாருக்கா?”

பாஸ்கல் வாயைத் திறந்தான். உள்ளே ஆபீசர் இருமினார். கையில் சீட்டு இருந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

“ஏ, பாத்தீங்களா! பேச்சே வரல. அம்புட்டு மர்மம்!” என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு பூமாரி உள்ளே போனாள். புத்தகத்தைத் தொடாமல் பேனாவை எடுத்து, பாஸ்கலின் வரிக்குக் கீழே “மேற்படி” என்று எழுதினாள். ஆபீசர் ஒப்பு போட்டுவிட்டு, வாசலில் நின்ற பாஸ்கலைப் பார்த்தார்.

“இன்னும் என்னலே நிக்கே? மத்தவங்களுக்கும் அற்புதம்னு சொல்லிட்டுப் போ!”

பாஸ்கல் சீட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தான். அற்புதம் என்று அவன் சொல்லவில்லை. மோசம் என்றும் சொல்லவில்லை.