ஐந்து பேருக்கு மேல் ஆகாது

“பெட்டியைத் தூக்க நாலு பேர். முன்னால நடக்க நான் ஒருத்தன். ஆக அஞ்சு. சரிதானே?” என்று கேட்டார் பாதிரியார் அபூனா இஸ்பிரிதோன்.

“சரி அபூனா,” என்றான் நக்லே.

“அப்போ பாடறது யாரு?”

நக்லே விரல் விட்டு மறுபடி எண்ணினான். முகக்கவசத்துக்குள் உதடும் கூடவே எண்ணியது.

கஃப்ர் நாஸ் என்ற மலையூரின் நகராட்சிக்கு இருப்பது ஒரே ஒரு காவலன். அவன்தான் நக்லே. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயில் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். வருஷா வருஷம் இந்த நேரத்தில் பூவால் மூடிய பெட்டியைத் தோளில் ஏற்றிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சிலுவையில் செத்தவரின் சவ ஊர்வலம் அது. சொந்த அண்ணன் செத்த மாதிரி ஊரே பின்னால் அழுதுகொண்டு போகும். இந்த வருஷம் நோய். கோயிலுக்குள் ஐந்து பேருக்கு மேல் ஆகாது, ஊர்வலம் உள்ளேயே சுற்ற வேண்டும், முற்றத்தில் ஒருவரும் கூடாது என்று நகராட்சி உத்தரவு. “ஒரு தலை கூடினாலும் உன் தலையில தொப்பி இருக்காது,” என்று, ஊரார் ‘ரயீஸ்’ என்று அழைக்கும் நகராட்சித் தலைவர் அஸ்அத் நேரிலேயே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“நீங்களே பாடிடுங்களேன் அபூனா.”

பெட்டி தூக்க நின்ற கசாப்புக்கடை சம்ஆன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அபூனா பாடினா உள்ளே படுத்திருக்கிறவர் இன்னிக்கே எழுந்துடுவார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டார்!”

அபூனா கோபிக்கவில்லை. தன் குரலைப் பற்றி அவருக்கே தெரியும்.

ஊரில் பாடுகிறவர் முடிவெட்டும் வஹீப். ஆறாவது ஆள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் படியில் நின்றார்.

“ஒண்ணு செய்யலாம். பெட்டியை மூணு பேர் தூக்கட்டும்,” என்றான் நக்லே.

சம்ஆனின் சிரிப்பு நின்றது. கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான். “தொஃபீக்கைத்தான் தூக்க விடலை. இவரையாவது முறையாத் தூக்க விடு.”

நக்லே தரையைப் பார்த்தான்.

ரொட்டிக்கடை தொஃபீக் போன மாதம் நகர ஆஸ்பத்திரியில் இதே நோயில் இறந்துபோனான். முகம் பார்க்க முடியாதபடி மூடிய பெட்டியில் வந்தான். வெள்ளை உடை போட்ட யாரோ இரண்டு பேர் இறக்கிப் புதைத்தார்கள். பாட்டு இல்லை, அழுகை இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் கயிறு கட்டி எல்லாரையும் திருப்பி அனுப்பியது நக்லேதான். தொஃபீக்கின் மனைவி உம் ரிமோனையும், அதாவது ரிமோனின் அம்மாவையும், அவன்தான் திருப்பினான். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல், அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டாள். கோயிலுக்கு எதிரே இருக்கும் அவள் வீட்டு ஜன்னல் அன்று மூடியது, இன்னும் திறக்கவில்லை. அதிலிருந்து ஊரில் யாரும் நக்லேயை ஒரு வாய் காப்பிக்குக் கூப்பிடுவதில்லை.

“சரி, நாலு பேரே தூக்குங்க,” என்றான் அவன். “வஹீப் அண்ணே, நீங்க வெளியே நின்னு பாடுங்க. உத்தரவுல உள்ளே அஞ்சு பேர்னுதான் இருக்கு.”

“வெளியேன்னா? முற்றத்துலயா?”

“ஒருத்தர் நின்னா கூட்டம் ஆகாது.”

வஹீப் முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். அந்தச் செருமலுக்காகவே காத்திருந்த மாதிரி, சந்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி கையில் எலுமிச்சம் பூ. ஒருவர் நாயோடு வந்தார். “நாயை நடத்திட்டுப் போறேன், அதுக்குமா தடை?” என்றார். நாய் படுத்துவிட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க! போங்கன்னா!” என்று கையை வீசினான் நக்லே.

“வஹீப் மட்டும் என்ன பேராயரா? அவன் நிக்கலாம், நாங்க நிக்கக் கூடாதா?”

நியாயமான கேள்வி. நக்லே யோசித்தான். யோசித்த இடத்தில்தான் தப்பு. “அண்ணே, மாடிப்படி ஏறிக் கூரை மேல போயிடுங்க. கூரை முற்றத்துல சேராது.”

வஹீப் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். முற்றம் காலியானது. நக்லே பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சை அவன் திரும்ப இழுப்பதற்குள், கோயில் கூரை கண்ணுக்குத் தெரிகிற வீடுகளிலெல்லாம் நாற்காலி இழுபடும் சத்தம். முற்றத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் மொட்டைமாடிகளில் முளைத்திருந்தார்கள். மாடி இல்லாதவர்கள் மாடி உள்ளவர்களின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உம் ஜோசப்பின் பால்கனி, பேருந்து நிறுத்தம் போல நெரிந்தது.

இதற்கும் ஒரு வழி இருந்தது. நோய் வந்த புதிதில் நகராட்சி வாங்கிய கம்பியில்லா மைக் இடுப்பில் தொங்கியது. ஊரிலேயே உயரமான இடம் என்று கோயில் கூரை மேல்தான் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டியிருந்தார்கள். பொத்தானை அழுத்திப் பேசினால் பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்கும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

நக்லே அழுத்தினான்.

“உம் ஜோசப்! உங்க பால்கனில இத்தனை பேர் நிக்கக் கூடாது. உறவுக்காரங்க மட்டும் நில்லுங்க!”

“எல்லாரும் உறவுதான்டா! இந்த ஊர்ல யாருக்கு யார் உறவில்லை? உன் அம்மாவே எனக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி!”

“அப்போ… ஜன்னலோட நில்லுங்க! பால்கனிக்கு வராதீங்க!”

“இவ்வளவு நாளா ‘காத்தோட்டமா நில்லுங்க’ன்னு தினம் காலையில கத்தினது யாரு? உன் சித்தப்பனா?”

மலைச்சரிவு முழுக்கச் சிரிப்பு உருண்டது. கீழ்த்தெருவில் கதவை அடைத்துக்கொண்டு ஒழுங்காக உள்ளே இருந்தவர்களும், குழாயில் தங்கள் ஊர் மானம் போவதைக் கேட்டு வெளியே வந்தார்கள். உத்தரவை மதித்த கடைசி மனிதரையும் நக்லேயே மாடிக்கு ஏற்றிவிட்டான். பள்ளத்தாக்குக்கு அப்பால், அடுத்த ஊரின் மாடிகளிலும் தலைகள் தெரிந்தன.

தொப்பி போனது போனதுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். மைக்கை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்து வாசலில் கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

உள்ளே பெட்டியைத் தோளில் ஏற்றும் சத்தம் கேட்டது. கூரையில் வஹீப் புலம்பல் பாட்டின் முதல் அடியை எடுத்தார்.

சிரிப்பு நின்றது.

சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு. தாய் தன் மகனைப் பார்த்துப் பாடுவது. ‘என் வசந்தமே, உன் அழகு எங்கே மறைந்தது’ என்று கேட்பது. எந்த ஊர்க்காரனுக்கும் மனப்பாடம். முகக்கவசத்துக்குள் நக்லேயின் உதடும் கூடவே அசைந்தது. அசைகிறது என்று அவனுக்குத் தெரியாது.

கூரையிலிருந்து வந்த குரல் கனத்துக்கொண்டே போனது. வஹீப் வழக்கமாக மூக்கால் பாடுகிறவர். அந்த இழுவை இல்லை, அலங்காரம் இல்லை. கிணற்றின் ஆழத்திலிருந்து எழும்பி வருகிற மாதிரி ஒரு குரல். எதிர்மலை அதை வாங்கி, இன்னும் பெரியதாக்கித் திருப்பித் தந்தது. துக்கம் ஒரு மனிதனை இப்படியா மாற்றிவிடும் என்று நக்லேக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு மாடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிறகு இன்னொன்றில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவு முழுக்க, ஒலிவ மரங்களுக்கு நடுவே, பள்ளத்தாக்குக்கு அப்பாலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அடி முடிந்ததும் ஊரே பதில் பாடியது. அடுத்த ஊரும் பாடியது. இத்தனை வருஷமாகக் கோயிலுக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் ஒரு நாளும் இப்படிப் பாடியதில்லை. வானத்துக்குக் கீழே எல்லாமே ஒரே கோயிலாகிவிட்டது போல இருந்தது.

அப்போது எதிரே ஒரு ஜன்னல் திறந்தது.

உம் ரிமோன் நின்றாள். கறுப்பு உடை. கையில் ஒரு மெழுகுவத்தி. அவள் கோயிலைப் பார்க்கவில்லை, கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் பார்த்தாள். அன்றைக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பார்த்த பார்வை நக்லேயின் நெஞ்சில் வந்து அடைத்தது. அவன் மனதைப் பார்த்துவிட்டது போல, கூரைக் குரலும் அந்த இடத்தில் நடுங்கியது. ஒரு கணம் நின்றே போனது. அத்தனை மாடிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. அவன் எச்சிலை விழுங்கினான். குரல் திரும்ப எழுந்தது, இன்னும் தெளிவாக. உம் ரிமோன் அழ ஆரம்பித்தாள். ஒரு மாதமாக அழாதவள், ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதாள்.

பாட்டு முடிந்தது. நக்லே விரல்களைத் தளர்த்தி மைக்கைச் சட்டைப்பைக்குள் போட்டான். கை மரத்துப் போயிருந்தது.

வாசலில் தலைவர் அஸ்அத்தின் கார் நின்றிருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நக்லே போய்த் தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

“எதுக்குடா இது?”

“நீங்க கேட்கறதுக்கு முன்னால நானே கொடுத்துடறேன் ரயீஸ்.”

“உள்ளே எத்தனை பேர்?”

“அஞ்சு.”

“முற்றத்துல?”

நக்லே திரும்பிப் பார்த்தான். தூங்கும் நாயைத் தவிர ஒருவரும் இல்லை. “யாரும் இல்லை ரயீஸ்.”

“அப்புறம் என்ன? போட்டுக்கோ.” தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்போ மாவட்ட அதிகாரி போன் பண்ணினார். தொலைஞ்சோம்னு நினைச்சேன். அவர் வீட்டு மாடி வரைக்கும் கேட்டுதாம். ‘யாருய்யா அது பாடறது’ன்னு கேட்டார், மனுஷனுக்குப் பேச்சே வரலை. வஹீப்கிட்ட சொல்லு, இந்த ஊர் அவருக்குக் கடன்பட்டிருக்குன்னு.”

எதிர் ஜன்னலிலிருந்து உம் ரிமோன் கூப்பிட்டாள். ஒரு மாதத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. “நக்லே, பாடினவருக்கு என் பேரால நன்றி சொல்லுப்பா. என் தொஃபீக்குக்கும் சேர்த்துப் பாடிட்டார்.”

நக்லே இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். கூரையில், குழாய்களுக்குப் பக்கத்தில், வஹீப் மடியில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம்.

“அண்ணே!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “இப்படி ஒரு குரலை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க? ஊரையே அழ வச்சுட்டீங்களே!”

வஹீப் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நானா? முதல் அடியிலயே எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. மைக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மிச்சம் முழுக்கப் பாடினது நீதானேப்பா!”