நீலப் பெட்டியில் ஒரு வரி

நீலப் பெட்டியில் தட்டிவிட்ட ஒரே ஒரு வரியை நீக்க முடியாமல் லிங்கேஸ்வர ராவ் காலையிலிருந்து படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

பாசமைலாரத்தில் உள்ள மருந்து ஆலையில் தரப்பிரிவு அதிகாரி அவர். ஊசி மருந்துப் புட்டிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் பதிய ஒரு டேட்டா லாகர் வாங்க வேண்டும். சோதனைக்கு இரண்டு வந்திருந்தன. சாம்பல் நிறப் பெட்டியில் யாரும் எதையும் அழிக்கலாம். நீலப் பெட்டியில் இரண்டு பேர் ஒப்புதல் தராமல் ஒரு புள்ளிகூட நீங்காது. அழிக்க முடிகிற பதிவை அரசு ஆய்வில் ஏற்க மாட்டார்கள், நீலம்தான் வேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவரே அவர்தான்.

நேற்று மதியம் அந்த நீலப் பெட்டியின் குறிப்புக் கட்டத்தில், சோதனைதானே என்று, 'இன்றும் தனியாகவே சாப்பிட்டேன்' என்று தட்டிவிட்டார். மனைவி இறந்து நான்கு வருடம். தானே பொங்கிய சோற்றையும் கோங்குராக் கீரைத் துவையலையும் கட்டி எடுத்துவந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிற மனுஷன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரில் பெட்டிதான் இருந்தது.

நீக்கப் போனால் காரணம் கேட்டது. 'தவறு' என்றார். விவரம் போதாதாம். 'எழுதியவருக்கு மனநிலை சரியில்லை' என்றார். அதையும் பத்திரமாகப் பதிந்துகொண்டு, இரண்டாவது ஆளான உற்பத்திப் பிரிவு ஹைமவதியின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டது.

ஹைமவதி மறுத்துவிட்டார். ராவ் மறுபடி அனுப்பினார், மறுபடியும் மறுப்பு. ஆறு வருடத்தில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பெண்மணி. மறுப்பைத் திறந்து படிக்கக்கூட ராவுக்குத் துணிவில்லை. ஆலையே தன்னை வைத்துச் சிரிக்கிறது என்று கூசிப்போனார்.

நீலத்தை வாங்கினால் அந்த வரியும் ஆலையோடு தங்கும். ஆய்வுக்கு வருகிறவர்களெல்லாம் படிப்பார்கள். பரிந்துரைக் கடிதத்தில் 'சாம்பல்' என்று எழுதினார். நாளைக்கு ஆய்வில் உரிமமே போகலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார்.

நீலப் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்த மெக்கானிக் ஃபணீந்திரா, ராவ் திறக்காத மறுப்பைத் தட்டித் திறந்து, திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கழட்டுங்க. எல்லாரும் படிச்சுச் சிரிச்சாச்சு" என்றார் ராவ்.

"எல்லாரும் எங்க சார் படிச்சாங்க? ஹைமவதி மேடம் ஒருத்தங்கதான் திறந்திருக்காங்க."

"அப்புறம் எடுக்க விட்டா என்னவாம் அந்தம்மாவுக்கு?"

"உங்க வரி போனா, அதுக்குக் கீழ அவங்க எழுதின 'நானும்தான்' சேர்ந்து போயிடுமே சார்."