வடக்கு முனைக்கு ஒரு கேடயம்

ஒரு தீவைக் கடலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பது பாறை அல்ல, 'பொருளாதாரத் தாக்குப்பிடிப்புத் துறை'தான். துறையே தன் ஆண்டு விழா அழைப்பிதழில் இதை எழுதியிருந்ததால், சந்தேகப்பட இடமில்லை. தீவின் வடக்கு முனையில் மளிகைக்கடை நடத்திய கடைக்காரியும் சந்தேகப்படவில்லை. ஊரைவிட்டு நகராமல் இருந்ததற்காகத் தரப்படும் கேடயத்தை வாங்க, நகர்ந்து துறைமுகத்துக்குக் காலை பஸ் ஏறினாள்.

முதலில் ஆஸ்பத்திரியைத் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். பின்னாலேயே கைக்குழந்தைக்காரர்கள் போனார்கள். பிறகு பள்ளிக்கூடம். மிச்சம் நாலு குடும்பமும் இவள் கடையும். தினமும் மத்தியான பஸ்ஸில் துறைமுகம் போய் இவள்தான் சரக்கு எடுத்துவருவாள்.

"கேடயமாமே அக்கா! தராசுல வெச்சு நிறுத்துப் பாருங்க" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸை நிறுத்தப்போறாங்களாமே. அதை மேடையில கேட்கத்தான் போறேன்."

விழா வாசலில் துறையின் துணை இயக்குநர் நின்றிருந்தார். அவள் கணவரின் தம்பி.

"தம்பி, பஸ் விஷயம்..."

"அண்ணி, இது விழா. கோரிக்கைக்குத் தனிக் கூட்டம் வெச்சிருக்கோம். வடக்கு முனையிலேயே."

"எப்போ?"

"அதிகாரிங்க வர்றதுக்கு வசதியா வண்டி இல்ல. தள்ளிப்போட்டிருக்கோம்."

மேடையில் இயக்குநர் முழங்கினார்: "மக்கள் நகர்ந்தாலும் அசையாத பொருளாதாரம், இந்த அம்மா!" கைதட்டல். கேடயம் கைக்கு வந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. போக்கிடம் இல்லாமல் இருந்தவள், தைரியத்தால் இருந்ததாகத் தானே நம்பினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்காமலே, கும்பிட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். அந்தச் சந்தோஷத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

பஸ் நிலையத்தில் கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "நிறுத்திட்டாங்க அக்கா. மத்தியான வண்டியில ஆள் கணக்கெடுத்தாங்க. வடக்கு முனையில ஒருத்தர்கூட ஏறல."

"தினமும் ஏறுறவளே நான்தானேப்பா!"

"நீங்கதான் விழாவுக்கு வந்துட்டீங்களே."

இரவு கொழுந்தன் வீட்டில் தங்கினாள். மறுநாள் லாரி பிடித்து ஊர் போனபோது நாலு குடும்பமும் மூட்டை கட்டி வைத்திருந்தது. சரக்கில்லாத கடையைப் பூட்டிவிட்டு, அதே லாரியில் அவர்களோடு துறைமுகத்துக்கே திரும்பினாள்.

மறு ஆண்டு துறை அவளை மறக்கவில்லை. 'துறைமுகத்தில் வெற்றிகரமாகக் குடியேறியவர்' என்று இன்னொரு கேடயம். இயக்குநர் ஒலிபெருக்கியை அவள் பக்கம் அன்போடு நீட்டினார்.

"சொல்லுங்கம்மா, சொந்த ஊரை விட்டுட்டு எதுக்காக இங்க வந்தீங்க?"

இந்த முறை அவள் வாய் திறந்தது.

"போன வருஷக் கேடயம் வாங்க வந்தேன் சார். திரும்பிப் போக இன்னும் பஸ் வரல."